ஒரு பக்கம் பாக்கி

"என்னடி, உள்ளயே குடித்தனம் வச்சிட்டியா? வாடகை வாங்க ஆள் அனுப்பட்டுமா?"

பெரியவளின் குரல் கேட்டதும், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்த சின்னவள் குழாயை இன்னொரு திருகு திறந்துவிட்டாள். குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தம் ஏறியது. அந்தச் சத்தத்துக்குள் பதுங்கிக்கொண்டு, மடியில் கிடந்த வெல்வெட்டுத் துண்டின் தையலில் பாதி பிளேடை நுழைத்து இழுத்தாள். பர்ர்ரென்று பிரிந்து வந்தது.

"வயிறு சரியில்லக்கா!"

"உன் வயிறு என்னைக்குடி சரியா இருந்துச்சு? எனக்குத் தெரிஞ்ச வைத்தியமெல்லாம் சொல்லித் தீத்துட்டேன். இனிமே எங்கயாவது போய்ப் படிச்சுட்டு வந்துதான் சொல்லணும்."

"இதோ வந்துடறேன்க்கா!"

"அவசரமே இல்ல. ஆற அமர வா."

சின்னவளுக்கு வயிற்றில் ஒரு கோளாறும் கிடையாது. ஆணியைத் தின்றாலும் ஆசிட் மாதிரி கரைத்துவிடும் வயிறு அது. ஆனால் தெரு முழுக்க அவள் வயிற்றைப் பற்றித்தான் பேச்சு. பால்காரர் விசாரித்தார். மாடிவீட்டுக்காரி ஏதோ பொடி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சாப்பிட்டாளா இல்லையா என்று மறுநாளே தணிக்கைக்கும் வந்தாள். எல்லாருக்கும் ஒரு சோகை பிடித்த சிரிப்பைக் கொடுத்து அனுப்பினாள் சின்னவள். உள்ளதைச் சொல்ல முடியாத இடத்தில் வயிற்றைப் போல உதவுகிற உறுப்பு வேறு இல்லை.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்த ஓர்ப்படிகள் இருவரும். பெரியவளின் புருஷன் போய்ச் சேர்ந்து பல காலமாகிறது. ஒரே மகள் வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சின்னவளின் புருஷன் சாமான் ஏற்றும் வேன் ஓட்டுகிறான். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அங்கே தைப்பது பாவாடை. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பாதி, சோபாவுக்குப் பாதி. சோபாவின் இருக்கைக்குக் கீழே, கட்டைக்கால்களை மறைத்துக்கொண்டு தரைவரை மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறதே ஒரு துணி, தொழிலில் அதற்கும் பாவாடை என்றுதான் பேர்.

"சோபாவுக்கு எதுக்கும்மா பாவாடை?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

"காலைக் காட்டிக்கிட்டு நாலு பேர் முன்னாடி நிக்க அதுக்கே கூச்சமா இருக்காம். வந்து அழுதுச்சு," என்பாள் பெரியவள், ஊசியில் நூல் கோத்தபடி. கேட்டவர் சிரித்து முடிப்பதற்குள் விலையைச் சொல்லிவிடுவாள். சிரிக்கிறவனால் பேரம் பேச முடியாது என்பது அவள் கண்டுபிடிப்பு. அவளிடம் பேரத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு படியிறங்கிப்போனவர்கள் பலர். தெருமுனை திரும்பும்போதுதான் அவர்களுக்குச் சந்தேகம் வரும்.

வாய்க்குச் சமமாகக் கையும் இருந்தது. சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில், ஆசை ஆசையாகத் தைத்துக் காட்டிய முதல் பாவாடையைப் பெரியவள் விளிம்போரமாக விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணால் பார்க்கக்கூட இல்லை. "பிரி," என்றாள். அவ்வளவுதான். ஏன், எதற்கு, எந்த இடம் என்றெல்லாம் கிடையாது. எந்த இடம் என்று கண்டுபிடிப்பதும் தண்டனையில் சேர்ந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சின்னவள் அதிகம் கேட்ட சொல் அதுதான். சொந்தப் பேரைவிட அதிகம்.

பிறகு சர்க்கரை வந்தது. பெரியவளின் பாதத்தை மரத்துப்போக வைத்தது. மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்தது. கடைசியில் விரல் நுனிகளுக்கும் வந்துவிட்டது. ஒருநாள் ஓடுகிற மெஷினில் ஊசி அவள் சுண்டுவிரலில் ஏறி இறங்கியது. பெரியவள் தைத்துக்கொண்டே இருந்தாள். துணியில் ஈரத்தைப் பார்த்துவிட்டு, "எவடி இங்க தண்ணி சிந்தினது?" என்று கேட்டாள். அது ரத்தம்.

அன்றைக்கு அவள் ஒட்டித் தைத்த துண்டுகளைச் சின்னவள் எடுத்துப் பார்த்தாள். ஒரு துண்டு தலைகீழ்.

வெல்வெட்டுக்கு மேல் கீழ் உண்டு. மேலிருந்து கீழாகத் தடவினால் பூனை முதுகு மாதிரி வழுக்கும். எதிர்த்துத் தடவினால் முரண்டு பிடிக்கும். சோபாவின் சுற்றளவுக்குத் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டும்போது, ஒன்று தலைகீழாகப் போய்விட்டால் மெஷினில் தெரியாது. மடிப்பு வைத்து, பட்டியில் ஏற்றி, சோபாவில் மாட்டி, நாலு எட்டுத் தள்ளி நின்று பார்க்கும்போதுதான் தெரியும்: எல்லாத் துண்டும் ஒரு நிறம், அது மட்டும் வேறு நிறம், யாரோ அழுக்குக் கையை வைத்துத் துடைத்தது மாதிரி. விரல் ஒன்றுதான் இதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும். அந்த விரல்தான் போய்விட்டிருந்தது.

உண்மையைச் சொன்னால், தலைகீழ்த் துண்டைப் பார்த்ததும் சின்னவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இத்தனை வருஷமாகத் தொண்டையில் வரிசையில் நின்றுகொண்டிருந்த ஒரு சொல்லுக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அங்கே பெரியவள், ஓய்வெடுக்கச் சொன்ன டாக்டரைக் கொழுந்தனிடம் திட்டிக்கொண்டிருந்தாள்.

"என் கை தப்புப் பண்ணுற அன்னைக்கு நானே மெஷினை மூடிடுவேன். எவனும் வந்து சொல்ல வேண்டாம். மூடிட்டா அப்புறம் காலைல எதுக்கு எழுந்திருக்கணும், எதுக்குப் பல்லு விளக்கணும்? அந்தச் செலவெல்லாம் மிச்சம்."

அவன் சிரித்தான். சின்னவள் சிரிக்கவில்லை. துண்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு முதல் தடவையாகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

அதிலிருந்து இதே பிழைப்பாயிற்று. துண்டுகளை ஒட்டுவது பெரியவள், மடிப்பு வைத்துப் பட்டியில் ஏற்றுவது சின்னவள் என்று வேலை ஏற்கெனவே பிரிந்திருந்தது வசதி. நடுவில் ஒரு வயிற்றுவலி நுழைந்துகொண்டால் போதும். பின்பக்கம் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுக் கொடுக்கலாமே என்று ஒருநாள் பார்த்தாள். "ஏண்டி, எனக்கு வழி காட்டுறியா? நான் என்ன ஊருக்குப் புதுசா?" என்று பெரியவள் குறியைத் தட்டி அழித்தாள். அத்தோடு அது போயிற்று. ஆரம்பத்தில் கட்டுக்கு ஒரு துண்டு தலைகீழாக இருந்தது. போகப்போக எது நேராக இருக்கிறது என்று தேட வேண்டியதாயிற்று. முதல் நாள் வந்த சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. முதுகுவலிதான் மிஞ்சியது. கண்ணெரிச்சலும் பொய் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன நாக்கும் அதோடு சேர்ந்துகொண்டன. பிரிப்பது மட்டும் சமீபமாகக் கொஞ்சம் சுலபமாகியிருந்தது. தையல் தொளதொளவென்று விழுகிறது, காலில் அழுத்தமில்லை, இதுவும் நல்லதுக்கில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது மடியில் இருந்தது நேற்றுச் சாயங்காலம் பெரியவள் தைத்தது. இன்று காலையில் அவளால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. மெஷினுக்குப் பக்கத்திலேயே கட்டிலை இழுத்துப் போட்டு, சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தாள் சின்னவள். குங்குமச் சிவப்பில், ஒரு விடுதியின் வரவேற்பறைச் சோபாவுக்கான வெல்வெட். துண்டின் இடதுபக்கத் தையலைப் பிரித்தாயிற்று. வலதுபக்கம் பாக்கி. திருப்பிப் பிடித்துக்கொண்டு பிளேடை வைத்தாள்.

வாசல் கதவு திறந்தது. ஊசிக்காரம்மா வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். தினம் மத்தியானம் வந்து பெரியவளுக்கு ஊசி போட்டுவிட்டுப் போவாள். பேச்சுக் குரல் கேட்டது. சொல் புரியவில்லை. நர்ஸ் ஏதோ கேட்டாள். பெரியவள் ஏதோ முனகினாள். சின்னவள் வேகமாகப் பிரித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குழாய் ஒரு இருமல் இருமியது. இன்னொரு இருமல். நின்றுவிட்டது. மேலே தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டிருந்தது.

அவளும் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதித் தையல் வந்துவிட்டது, மீதி கையளவுதான். அலுப்பு ஒரு பக்கம், முடித்துத் தொலைத்துவிடலாம் என்கிற அவசரம் ஒரு பக்கம். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தாள். பர்ர்ர். தண்ணீர்ச் சத்தம் இல்லாத குளியலறையில் அது தகரத்தைக் கிழித்த மாதிரி கேட்டது.

சின்னவள் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்தாள். முன்னறையில் பேச்சு நின்றிருந்தது.

கொஞ்சம் பொறுத்து, கதவை யாரோ விரல் முட்டியால் தட்டினார்கள்.

"வெளிய வாம்மா," என்றாள் ஊசிக்காரம்மா. "அவங்க போயிட்டாங்க."

*

செய்தி கேட்டுப் புருஷன் வேனோடு வந்தான். பின்னால் யாருடைய பீரோவோ கயிறு கட்டி நின்றுகொண்டிருந்தது. இறக்கிவிட்டு வரத் தோன்றவில்லை அவனுக்கு. "அண்ணி," என்று ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் வராததில் திடுக்கிட்டவன்போல நின்றான். அந்த அண்ணி பதில் சொல்லாமல் விட்ட முதல் சந்தர்ப்பம் அது.

"எங்க படுக்க வைக்கிறது?" என்று கேட்டான்.

வீட்டில் நீளமாக, வாகாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: துணி வெட்டும் மேஜை. அதன்மேல் ஒரு டீ கிளாஸை வைக்கக்கூடப் பெரியவள் யாரையும் விட்டதில்லை. ஒருதடவை அசந்துபோய்க் கைக்குழந்தையை அதன்மேல் கிடத்திய ஒரு தாயிடம், "துணியா இருந்தா அளவெடுக்கலாம், இதை என்ன பண்ண?" என்று கேட்டுத் தூக்க வைத்தவள். சின்னவள் மேஜைமேல் இருந்த கத்தரி, அளவுகோல், சாக்பீஸ் டப்பா எல்லாவற்றையும் எடுத்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். காய்ந்த துணியால் இன்னொருதரம் துடைத்தாள். அவனும் ஊசிக்காரம்மாவும் பிடித்துத் தூக்கிக் கிடத்தினார்கள். சரியாக இருந்தது, அளவெடுத்துச் செய்த மாதிரி.

மூடுவதற்கு வெள்ளைத்துணி வேண்டும் என்றார்கள். லைனிங் உருளையிலிருந்து அவனே இழுத்துக் கிழித்துக்கொண்டு வந்தான். ஓரமெல்லாம் நூல் பிசிறி நின்றது.

"இதையா போத்தப் போறீங்க?" என்றாள் சின்னவள்.

"ஏன், வெள்ளைதானே?"

"ஓரம் அடிக்கலைங்க."

"இப்ப யாரு பாக்கப் போறா?"

சின்னவள் மேஜையைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். துணியை அவளிடம் கொடுத்துவிட்டான். அவள் தன் மெஷினில் உட்கார்ந்து நாலு பக்கமும் மடித்து ஓரம் அடித்தாள். செத்த வீட்டில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசலிலேயே தயங்கி, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். தெருக்காரர்கள் வந்தார்கள். பட்டன் கடைக்காரர் வந்தார். சீருடை தைத்துப்போன பிள்ளைகளின் அம்மாக்கள் வந்தார்கள். எல்லாரும் மேஜையருகே கொஞ்ச நேரம் நின்றார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டே சின்னவளிடம் திரும்பினார்கள்.

"இப்ப வயிறு எப்படிம்மா இருக்கு?"

"பரவால்ல."

"இந்த நேரத்துல வெறும் வயித்தோட இருக்காத. அப்புறம் உனக்கும் ஏதாவது ஆயிடும்."

தலையாட்டினாள். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். அழச் சொன்னார்கள், அதுதான் வரவில்லை. கண்ணுக்குள் மணல் அரைத்தது. காதுக்குள் அந்தக் கடைசி பர்ர்ர் திரும்பத் திரும்ப ஓடியது. கேட்டிருப்பாளா? சர்க்கரை அவளிடமிருந்து காலைப் பிடுங்கியது, விரலைப் பிடுங்கியது, காதைத் தொடவில்லை. பக்கத்துத் தெருவில் மெஷின் ஓடினாலும் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்கிற காது அது. தையல் பிரிகிற சத்தம் எது, துணி கிழிகிற சத்தம் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இத்தனை நாள் குழாயைத் திறந்து, வாயைத் திறந்து, தெருவையே நம்ப வைத்து, கடைசிக் கடைசியாக ஒரு கையளவுத் தையலுக்குப் பொறுக்காமல் போயிற்றே. தன் கை போய்விட்டது என்பதை அந்தச் சத்தத்தில் தெரிந்துகொண்டா அவள் கண்ணை மூடினாள்? அதைத்தான் யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்க வேண்டியவள் மேஜைமேல் கிடந்தாள்.

பர்னிச்சர்கடைக்காரர் வந்தார். பெரியவளோடு அதிகமாகச் சண்டை போட்ட மனிதர் அவர்தான், அதனாலேயே அதிகமாக அழவும் செய்தார். பெரிய கைக்குட்டையை விரித்து முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டு குலுங்கினார். பிறகு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். மடிக்கிற நேரத்தில் அவர் கண் அறையை ஒரு சுற்றுச் சுற்றி, மூலையில் அடுக்கியிருந்த சிவப்பு வெல்வெட்டுக் கட்டின்மேல் போய் நின்றது.

"அதுக்கெல்லாம் ஒண்ணும் அவசரமில்ல தங்கச்சி," என்றார், யாரும் கேட்காமலே.

"சரிண்ணே."

"விடுதிக்காரன் கிடக்கான். நான் சொல்லிக்கிறேன்."

"சரிண்ணே."

"இந்த வாரத்துக்குள்ள..." என்று ஆரம்பித்துத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். "அக்கா இருந்தா இந்நேரம் என்னை வெளிய புடிச்சுத் தள்ளியிருக்கும்." மறுபடி கைக்குட்டையை எடுத்தார். "ஒண்ணு சொல்றேன். அக்கா தைச்சதுலயே கடைசியா வந்த சரக்குதான் சரக்கு. ஒரு துண்டு பிசகலையே! உடம்பு முடியாம இருந்து அப்படித் தைக்க யாரால முடியும்? நான் வாய்விட்டுச் சொன்னதில்ல. சொன்னா விலையை ஏத்திடும்."

சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் குளியலறைக்குப் போன மாடிவீட்டுக்காரி, இரண்டு விரலால் எதையோ தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஊசிக்காரம்மா கதவைத் தட்டிய அவசரத்தில் சின்னவள் வாளியை நிமிர்த்தி அதற்குள் போட்டுவிட்டு வந்தது.

"ஏம்மா, வாளிக்குள்ள வெல்வெட் கிடக்குது! தண்ணி வந்தா பாழாப் போயிடும்ல. இதெப்படி அங்க போச்சு?"

அறை திரும்பிப் பார்த்தது. பர்னிச்சர்கடைக்காரரும் பார்த்தார். சின்னவள் எழுந்துபோய்த் துண்டை வாங்கி மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு பழைய இடத்தில் உட்கார்ந்தாள். வயிறு சரியில்லாதவளிடம் மேற்கொண்டு கேட்பது முறையில்லை என்று மாடிவீட்டுக்காரியும் விட்டுவிட்டாள்.

சாயங்காலம் மகள் வந்து சேர்ந்தாள். பஸ்ஸில் அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், தலைமாட்டில் நின்று அழுதாள், பிறகு சின்னவளின் தோளில் வந்து விழுந்தாள்.

"சித்தி, கடைசியா என்ன பேசினாங்க சித்தி? உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

வாடகை வாங்க ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டாள் பெரியவள். அதை எப்படிச் சொல்வது?

"உங்க சித்தி அப்ப இங்க இல்லம்மா," என்றாள் ஊசிக்காரம்மா. "பாவம், உள்ள இருந்தாங்க, வயிறு சரியில்லாம. நான்தான் பக்கத்துல இருந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"நான் வந்து பாக்கிறப்பவே மூச்சு இழுத்துச்சு. நாடி பிடிச்சுப் பாத்துட்டு, சித்தியைக் கூப்பிடறேன்னு எழுந்தேன். கையைப் பிடிச்சு உக்கார வச்சுட்டாங்க. அந்த நிலைமையிலயும் என்ன பிடி! 'கூப்பிடாத. இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு அவளுக்கு. முடிச்சிட்டு வரட்டும்'னாங்க. என்ன பக்கம்னு எனக்கு ஒண்ணும் விளங்கல. கடைசி நேரத்துல அப்படித்தான் எதையாவது பேசுவாங்க. ஆஸ்பத்திரியில நான் பாக்காததா?"

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. காதைத் தீட்டிக்கிட்டு இருந்தாங்க. உள்ள ஏதோ சத்தம் கேட்டுச்சு. 'ம்'னாங்க. அவ்வளவுதான்."

மகள் மறுபடி அழுதாள். ஊசிக்காரம்மா அவளைத் தேற்றினாள். அறையில் ஆளாளுக்கு ஏதோ பேசினார்கள். மடியில் சுருட்டியிருந்ததைச் சின்னவளின் கை தானாகப் பிரித்தது. வெல்வெட்டைத் திருப்பி, பிரிக்காமல் விட்ட மிச்சத் தையலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

இத்தனை நாள் அவள் அந்தத் தையல்களைப் பார்த்ததே இல்லை. பிரித்திருக்கிறாள், அவ்வளவுதான். அவசரத்தில், அரை இருட்டில், காதை வெளியே வைத்துக்கொண்டு. இப்போது பார்த்தாள். ஒவ்வொரு தையலும் நெல்மணி நீளத்துக்கு இருந்தது. தொளதொளப்பு ஒன்றும் இல்லை. கோடு போட்ட மாதிரி, ஒரே சீராக நீளம். தற்காலிகமாக ஓட்டி வைக்கிறவர்கள் அப்படி வைப்பார்கள், பிறகு உருவிவிடுவதற்கு. முனையைத் தேடினாள். முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்துவது பெரியவளின் பிடிவாதம். அது இல்லாத பாவாடையைக் கடை வாசல்வரை போனபிறகும் திரும்ப வாங்கிப் பிரிக்கச் சொன்னவள். இங்கே முனையில் கெட்டித்தையல் இல்லை. நூல் சும்மா நீட்டிக்கொண்டிருந்தது, பிடித்து இழு என்கிற மாதிரி.

சின்னவள் எழுந்துபோய்ப் பெரியவளின் மெஷினைப் பார்த்தாள். தையலை நெருக்கவும் நீட்டவும் இருக்கிற திருகு, அதற்குமேல் திரும்ப இடமில்லாத கடைசிக் கோட்டில் நின்றது. அது தானாகத் திரும்பாது. துருப்பிடித்த திருகு, நல்ல கை வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கையும் வேண்டும்.

புருஷன் உள்ளே வந்தான். பீரோவை இறக்கிவிட்டு வேனைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். தலையெல்லாம் ஈரம்.

"இருட்டறதுக்குள்ள கிளம்பணும்ங்கறாங்க. தூக்கிடலாமா?"

"கொஞ்சம் இருங்க," என்றாள் சின்னவள்.

"எதுக்கு? எல்லாரும் வந்தாச்சே."

"ஒரு பக்கம் பாக்கி இருக்கு."

முக்காலி ஒன்றை இழுத்துப்போட்டு வெட்டும் மேஜையின் ஓரமாக, பெரியவளின் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெல்வெட்டை மேஜைமேலேயே வைத்தாள். பிளேடு தேவைப்படவில்லை. இரண்டு துணியையும் இரண்டு கையில் பிடித்து இழுத்தாள்.

பர்ர்ர்.

அறையில் பேச்சு நின்றது. மகள் நிமிர்ந்து பார்த்தாள். மாடிவீட்டுக்காரி பக்கத்தில் இருந்தவளின் முழங்கையைத் தொட்டாள். "பாவம், துக்கம் தலைக்கேறிடுச்சு," என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். புருஷன் ஒரு அடி எடுத்துவைத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டான்.

சின்னவள் ஒன்றுக்கும் நிமிரவில்லை. கழன்ற துண்டை வெளியே எடுத்து, மேலைக் கீழாகவும் கீழை மேலாகவும் திருப்பி, பழைய இடத்திலேயே பொருத்தினாள். ஓரத்தோடு ஓரம் சேரவில்லை. வெல்வெட் வழுக்கி வழுக்கி நகர்ந்தது. வெல்வெட் எப்போதும் அப்படித்தான், பிடிக்க இன்னொரு கை வேண்டும்.

பர்னிச்சர்கடைக்காரர் எழுந்து வந்தார். முதலில், பிரிந்த ஓரத்தில் வரிசையாக நின்ற பழைய ஊசித்துளைகளைப் பார்த்தார். துணியின்மேல் உள்ளங்கையை வைத்து, பக்கத்துத் துண்டை ஒருதரமும் திருப்பி வைத்த துண்டை ஒருதரமும் மேலிருந்து கீழாகத் தடவினார். இப்போதுதான் இரண்டும் ஒரே மாதிரி வழுக்கின. வெல்வெட்டு விற்றே தொந்தி வளர்த்த மனிதர். மூலையில் இருந்த கட்டைப் பார்த்தார். மேஜைமேல் வெள்ளைக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார். நூலளவு பிசகைக் கண்டால் அதைத் தெருவுக்கே படித்துக் காட்டித் தள்ளுபடி கேட்கிற வாய், திறந்தது. மூடிக்கொண்டது.

மேஜையின் மறுபக்கம் போய், கால்சட்டை கசங்குவதைப் பார்க்காமல் முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்தார். இரண்டு துண்டின் ஓரங்களையும் சேர்த்து, தடித்த விரல்களால் அசையாமல் பிடித்துக்கொண்டார்.

சின்னவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் குத்த ஆரம்பித்தாள்.